மீதிப் பதினோரு கீசெயின் எங்கே?

"அஞ்சு மணி வரைக்கும் டைம்முங்க. அதுக்குள்ள அந்தப் புள்ள கையெழுத்துப் போட்டாகணும். இல்லீன்னா ஸ்டேஷனுக்குப் போன் போயிரும்" என்றார் முதலாளி மகுடேஸ்வரன்.

சுவர்க் கடிகாரம் ஒன்றே முக்காலைக் காட்டியது. வீரணன் அதைப் பார்த்துவிட்டுத் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டான். சாப்பாட்டு நேரத்தில் வரச்சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காத ஆள் என்று அவன் இதுவரை இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறான். முதல் ஆள் அவனுடைய மாமனார்.

திருமுருகன்பூண்டியைத் தாண்டி அவிநாசி போகும் வழியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி யூனிட். பக்கத்துப் பட்டறையில் கல் செதுக்கும் சத்தம் ஜன்னல் வழியாக விடாமல் வந்துகொண்டிருந்தது. கேட்டைத் திறக்க வாட்ச்மேன் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டான். உள்ளே நுழைந்ததும் அறுபது பேர் தலையைத் தூக்கி முறைத்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். முதலாளி கூட்டி வந்த ஆட்கள் என்றால் அவ்வளவுதான் மரியாதை.

திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் துப்பறியும் நிலையம் வைத்திருக்கும் அமராவதிக்கு ஐம்பத்திரண்டு வயது. நிலையம் தொடங்குவதற்கு முன்பு இருபது வருடம் ஒரு பனியன் கம்பெனியின் டைம் ஆபீஸில் இருந்தவள். யாருடைய சித்தப்பா எத்தனை தடவை செத்திருக்கிறார் என்று விரல் நுனியில் வைத்திருந்து, நாலாவது சாவுக்கு லீவு தர மறுத்தவள். அவளிடம் ஒரு விசேஷம் உண்டு. கோபம் ஏற ஏற, பேச்சில் மரியாதை கூடிக்கொண்டே போகும். உதவியாளன் வீரணன் உசிலம்பட்டிக்காரன். ஆறு வருடம் திருப்பூரில் அயர்ன் மாஸ்டராக வெந்துவிட்டு, பைக் ஓட்டத் தெரியும் என்ற ஒரே தகுதியில் அவளிடம் சேர்ந்தவன்.

"என்ன நடந்துச்சுன்னு ஒருக்காச் சொல்லிருங்க" என்றாள் அமராவதி.

மகுடேஸ்வரன் சலிப்போடு சொன்னார். நேற்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் யாரோ சாம்பிள் அறைக்குள் புகுந்து, குழந்தைகளுக்கான எட்டு ஜாக்கெட்டுகளைக் கத்தரியால் கிழித்துப் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் வருகிறார். கிழித்துப் போட்டவர் அவசரத்தில் ஒரு பொருளைக் கீழே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அதை எடுத்து மேஜையில் வீசினார். நாலு விரல் நீளத்தில் ஒரு கீசெயின். கறுப்பு ஜீன்ஸ் துணியை இரண்டாக மடித்து, வளையம் கோத்து, பொத்தான் அடித்திருந்தது. மேலே கிளிப்பச்சை நூலில் அழகாக ஒரு பெயர்: சித்ரகலா.

"பேரையே விட்டுட்டுப் போயிருக்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"அட்ரஸும் போன் நம்பரும் சேத்துத் தச்சிருந்தா நமக்கு இன்னும் வசதியா இருந்திருக்கும் சார்" என்றான் வீரணன்.

மகுடேஸ்வரன் சிரிக்கவில்லை. "உங்களைக் கூப்பிட்டது கண்டுபிடிக்கறதுக்கு இல்லீங்க. கண்டுபிடிச்சாச்சு. துப்பறியறவங்க விசாரிச்சு இவதான்னு சொல்லிட்டாங்கன்னு ஒரு பேப்பர் வேணும். அவ்வளவுதான்."

சித்ரகலா அவரிடம் டிசைனராக இருப்பவள். இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். சொந்தமாக ஒரு சின்ன மிஷின் வாங்கிப் போட்டு, பெயர் போட்ட கீசெயின் செய்து விற்கப் போகிறாளாம். அதற்கு அவர் நாலு வார்த்தை பேசியிருக்கிறார். அந்தக் கோபத்தில் கிழித்துவிட்டாள். இது அவர் கணக்கு.

"கையெழுத்துப் போட்டா என்னங்க பண்ணுவீங்க?"

"மன்னிச்சு விட்டுருவேன். இங்கயே வேலை பாக்கட்டும். நம்ம புள்ளதானே."

"போடலீன்னா?"

"போலீசு ஒரு பக்கம். ஓனருங்க குரூப்புல நானூறு பேர் இருக்கறோம். போட்டோவும் பேரும் போட்டு, திருட்டுக் கழுதைன்னு ஒரு வரி எழுதினாப் போதும். இந்த ஜில்லாவுல எவனும் வேலையும் குடுக்க மாட்டான், ஆர்டரும் குடுக்க மாட்டான்."

மன்னிப்புக் கடிதமும் போலீஸ் புகாரும் டைப் அடித்துத் தயாராக இருந்தன. வீரணன் எட்டிப் பார்த்தான். பெயர், ஊர், குற்றம் எல்லாம் சுத்தமாக இருந்தது. தேதி போடும் இடம் மட்டும் இரண்டிலும் காலியாகக் கிடந்தது. அமராவதியும் அதைப் பார்த்தாள், கீசெயினை எடுத்துக்கொண்டாள்.

மூலையில் சாம்பிள் அறை. கிழிந்த ஜாக்கெட்டுகள் மேஜைமேல் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புச் சீட்டு தொங்கியது. கம்பியில் வரிசையாக மாட்டியிருந்த பச்சைச் சீட்டு ஜாக்கெட்டுகள்மேல் ஒரு கீறல்கூட இல்லை.

"ரொம்ப ஒழுக்கமான கோபம்க்கா" என்று முணுமுணுத்தான் வீரணன். அமராவதி அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சித்ரகலாவின் அறையில் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் ஒரே ஓர் ஊசித் தலை கொண்ட எம்ப்ராய்டரி மிஷின். இருபத்தாறு வயதுப் பெண். அழுது முடித்து, இப்போது கோபத்தில் இருந்தாள்.

"நீங்களும் அவரு காசுக்கு வந்தவங்கதானுங்களே? என்ன எழுதோணுமோ எழுதிக்கிட்டுப் போங்க."

"எழுதறதுக்கு முன்னாடி நீ என்ன வேலை பாக்கறேன்னு தெரிஞ்சுக்கறேன் கண்ணு. எனக்குத் தெரியாது."

"பஞ்சிங்." அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். யாரோ ஒரு கண்ணம்மாள் கல்யாணத்துக்கு நூறு கீசெயின் ஆர்டர். "பேரை டைப் பண்ணா மிஷின் தச்சுரும்னு எல்லாரும் நினைக்கறாங்க. ஊசி எங்க ஆரம்பிக்கோணும், எந்தப் பக்கம் சாஞ்சு போகோணும், எங்க முடிக்கோணும்னு ஒவ்வொரு கோட்டுக்கும் நாமதான் சொல்லோணும். இங்கிலீஷ் எழுத்துன்னா பரவாயில்லீங்க. நம்ம எழுத்தை இத்தனை சின்னதாத் தச்சா ணகரத்தோட சுழியெல்லாம் நூல் அடைச்சு, அட்டைப்பூச்சி மாதிரி ஆயிரும். ஒவ்வொரு எழுத்தையும் நானே வரைஞ்சு, சுழிக்குள்ள காத்து போற மாதிரி வெச்சிருக்கறேன்."

திரையில் அந்த 'ண' பெரிதாக வந்தது. மூன்று சுழிகளும் திறந்து, தெளிவாக நின்றன. வீரணனுக்கு அதைப் பார்த்ததும் காரணமில்லாமல் ஒரு மரியாதை வந்தது. முதலாளி ஏன் இவளை விட மாட்டேன் என்கிறார் என்றும் புரிந்தது.

"உன்ற பேரையும் நீதான் வரைஞ்சியா?"

"போன ஆயுத பூஜைக்கு இங்க வேலை செய்யற எல்லாருக்கும் ஒண்ணு செஞ்சு குடுத்தனுங்க. அதோட எனக்கும் ஒண்ணு." அவள் தன் ஸ்கூட்டி சாவியை எடுத்துப் போட்டாள். அதில் அழுக்கேறிய ஒரு கீசெயின், சிவப்பு நூலில் சித்ரகலா. "என்றது இது. டிசைன் எல்லாம் ஆபீஸ் பென்டிரைவுல கெடக்குது. யாரு வேணும்னாலும் எடுத்து ஓட்டலாம். எனக்கு எதுக்குங்க ரெண்டு? என்ற பேரு எனக்கு மறக்காதுங்க."

அமராவதி பச்சை எழுத்துக் கீசெயினை நீட்டினாள். சித்ரகலா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நேற்றிலிருந்து யாரும் அவள் கையில் அதைக் கொடுக்கவே இல்லையாம்.

"இது தவளை டிசைனுக்கு வந்த பச்சைங்க. போன சனிக்கிழமைதான் வந்துச்சு. பெரிய மிஷின்ல மட்டுந்தான் ஏத்தியிருக்குது. என்ற மிஷினுக்கு வரவே இல்லை."

"அப்பச் சரி. கத்தரி இருக்குதா?"

அமராவதி தையலைப் பிரித்தாள். மடித்திருந்த துணி விரிந்தது. உள்பக்கம், தையலுக்குத் தாங்கலாகக் கொடுக்கும் வெள்ளைப் பேப்பரில், நீல பால்பாயிண்ட் பேனாவால் ஒரே ஓர் எண் எழுதியிருந்தது: 7.

"இது என்னது கண்ணு?"

சித்ரகலா விழித்தாள். "தெரியலீங்க. பேப்பர்ல நாங்க எதுவும் எழுதறதில்லீங்களே."

பெரிய மிஷின் தனிக் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே நீளச் சட்டத்தில் துணி விரித்திருக்க, பன்னிரண்டு தலைகள் ஒரே நேரத்தில் பன்னிரண்டு தவளைகளைத் தைத்தன. ஒவ்வொரு தலைக்கு மேலும் பெயிண்டில் ஓர் எண். வீரணன் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு போய், ஏழில் நின்று வாயைத் திறந்தான். அமராவதி கண்ணாலேயே மூட வைத்தாள்.

"வேலை நேரத்துல கிட்ட வராதீங்க. விரல் போயிரும்" என்றான் ஆப்பரேட்டர் அருள்குமார். போனால் நல்லது என்பதுபோல் இருந்தது அவன் பார்த்த பார்வை.

"ஒரே ஒரு தலையை மட்டும் ஓட்ட முடியுங்களா?"

"முடியுமுங்க. ஒவ்வொரு ஹெட்டுக்கும் தனி ஸ்விட்ச் இருக்குது. ஏன்? என்னைய மாட்டி விடப் பாக்கறீங்களா? சனிக்கிழமை சாயங்காலம் நிறுத்தினவன் திங்கக்கிழமை காலைலதான் போட்டேன். ஞாயித்துக்கிழமை யூனிட் லீவு."

"கோவிச்சுக்காதீங்க. இங்க கழிஞ்ச துணியெல்லாம் எங்க போகுதுங்க?"

"திங்கக்கிழமை காலைல வேஸ்ட் மூட்டை மாரப்பன் குடோனுக்குப் போயிரும். பழங்கரை பிரிவுல. போய் அங்க விசாரிங்க, எங்களை விடுங்க."

வெளியே வந்ததும் வீரணன் அடக்க முடியாமல் கொட்டினான். "அக்கா, ஏழாம் நம்பர் தலைதான் தச்சிருக்கு! மத்த ஸ்விட்சை எல்லாம் அமத்திப்புட்டு ஏழை மட்டும் ஓட்டியிருக்கான். அருளுதான்க்கா."

"ஒத்தையாப் பொறந்த புள்ளைக்கு ஏழாவதுன்னு பேரு வெப்பாங்களா வீரணா? ஒரே தலை ஓடியிருந்தா நம்பர் எதுக்கு? பன்னண்டும் ஓடியிருக்குது. அதனாலதான் எது எந்தத் தலைன்னு எழுதியிருக்குது."

வீரணன் ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "அப்ப மீதிப் பதினொண்ணு எங்கக்கா?"

"வண்டியை எடு."

கேட்டைத் தாண்டும்போது, நூல் பிசிறு வெட்டும் பெண்கள் வரிசையில் கடைசியாக உட்கார்ந்திருந்தவளை அமராவதி திரும்பிப் பார்த்தாள். சித்ரகலாவின் அம்மா மயிலாள். பத்தொன்பது வருடமாக இங்கேதான் வேலை. இன்று காலை எட்டு மணிக்கு, வேலைக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும், மகளை விட்டுவிடும்படி மகுடேஸ்வரனின் காலில் விழுந்தவள். நெற்றியில் தரைத் தூசி இன்னும் இருந்தது. அவள் துடைக்கவில்லை, பக்கத்தில் இருந்தவர்களும் துடைத்துக்கொள் என்று சொல்லவில்லை.

மாரப்பனின் குடோனில் முதலில் வரவேற்றது நாய். இரண்டாவதாகக் குரைத்தவர் மாரப்பன்.

"எந்த டிபார்ட்மெண்டு?"

"எந்த டிபார்ட்மெண்டும் இல்லீங்க" என்றாள் அமராவதி.

"அப்ப வெளிய போங்க."

"டிபார்ட்மெண்டுன்னு சொல்லியிருந்தா உக்காரச் சொல்லியிருப்பாரோ" என்றான் வீரணன், நாயின் பல்லைக் கணக்கெடுத்தபடி.

மலைபோல் மூட்டைகள். வெட்டித் தள்ளிய பனியன் துணி எல்லாம் இங்கேதான் வருகிறது. நிறம் பிரித்து, கட்டுக்கட்டி, மிஷின் துடைக்கும் துணியாக மில்லுக்கும் ஒர்க்ஷாப்புக்கும் போகிறது. ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்க்கிறோம் என்றதற்கு மாரப்பன் கட்டையை எடுத்துக்கொண்டார்.

அமராவதி ஒரு அடிகூடப் பின்னால் போகவில்லை. குரல் மட்டும் இன்னும் தணிந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. மகுடேஸ்வரனுங்க சொன்னாங்க, திருப்பூர்லயே தங்கமான வேஸ்ட் நம்முளுதுதான், மாரப்பன் கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்கறாருன்னு. அதான் பாத்துட்டுப் போலாம்னு."

"யாரு? அந்த ஆளா?" மாரப்பனின் முகம் சிவந்தது. "கண்ணுல ஒத்திக்கறனா? எம்ப்ராய்டரித் துணியை எவனுங்க வாங்கறான்? நூலும் பேப்பரும் ஒட்டிக்கிட்டு ஒரு சொட்டு எண்ணெய் இழுக்காது. கட்டுக்குள்ள ஒண்ணு போனாலும் மில்லுக்காரன் லோடையே திருப்பி அனுப்பறான். பொறுக்கிப் பொறுக்கி அக்கட்ட வீசிட்டுக் கெடக்கறோம். பாருங்க, அந்த ஆளோட தங்கத்தை நீங்களே பாருங்க!"

இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். குடோன் மூலையில் ஓர் ஆள் உயரத்துக்கு எம்ப்ராய்டரித் துண்டுகள். துடைக்கவும் உதவாது, எடைக்கும் போகாது என்று மாதக்கணக்கில் சேர்ந்து கிடந்த குப்பை. மாரப்பன் அதைக் காலால் எத்தினார்.

வீரணன் சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினான். முக்கால் மணி நேரம் தவளை, வாத்து, பெயர் தெரியாத வெளிநாட்டுக் கால்பந்துக் குழு எல்லாம் கையில் வந்தன. மூன்றரைக்கு அமராவதியின் போன் அடித்தது.

"எங்க சுத்திக்கிட்டிருக்கறீங்க?" மகுடேஸ்வரனின் குரல் வீரணனுக்கே கேட்டது. "உங்களுக்குச் சொன்ன வேலை பேப்பர் எழுதறது. ஊர் மேயறது இல்லை. இப்படியே பண்ணிக்கிட்டிருந்தா உங்க போர்டு அங்க தொங்காது, பாத்துக்குங்க."

"தாராளமாங்க. வந்துக்கிட்டே இருக்கறனுங்க. நீங்க நல்லாச் சாப்பிட்டு ரெஸ்ட் எடுங்க" என்றாள் அமராவதி. இவ்வளவு மரியாதையை வீரணன் அதுவரை கேட்டதில்லை. பயந்துபோய் இன்னும் வேகமாகத் தோண்டினான்.

நாலு மணிக்கு ஒரு கறுப்பு ஜீன்ஸ் துணி கையில் சிக்கியது. இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. ஐந்து மீட்டர் இருக்கும். சித்ரகலா, சித்ரகலா, சித்ரகலா என்று கிளிப்பச்சையில் வரிசையாகப் பெயர்கள். ஆறு பெயர் தாண்டியதும் கத்தரியால் வெட்டிய ஓட்டை ஒன்று. அதற்குப் பிறகு மறுபடியும் ஐந்து சித்ரகலா.

அமராவதி பிரித்த கீசெயினை அந்த ஓட்டையில் வைத்தாள். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

"திருப்பிப் போடு."

பின்பக்கப் பேப்பரில் நீல எண்கள். ஒன்று முதல் பன்னிரண்டு வரை, ஏழு தவிர. முதல் எண்ணுக்கு மேலே, சின்னதாக, ஆனால் பக்தியோடு, ஒரு 'உ'.

வீரணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, திருட்டு வேலைக்கும் பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பிச்சிருக்காய்ங்க!"

அமராவதி துணியை மடித்துக் கைப்பையில் வைத்தாள். கையில் கட்டையோடு நின்ற மாரப்பனுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. மகுடேஸ்வரனின் அறையில் சித்ரகலா நின்றிருந்தாள், முன்னால் கடிதமும் பேனாவும். மயிலாள் கதவோரம். அமராவதி கேட்டதால் அருள்குமாரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவன் வாயிலேயே கோபத்தை மென்றுகொண்டிருந்தான்.

அமராவதி துணியை மேஜையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரித்தாள். போதாமல் பாதி தரையில் தொங்கியது. ஏழாவது இடத்தில் கீசெயினை வைத்தாள்.

"ஒரு பொண்ணு தன்ற பேரு போட்ட கீசெயின் பன்னண்டு செஞ்சு, ஒண்ணை மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டு, மீதியை வேஸ்ட் மூட்டைல போடுவாளுங்களா? இது பெரிய மிஷின்ல ஓடினது. சனிக்கிழமைதான் நூல் வந்துச்சு. திங்கக்கிழமைதான் மூட்டை போச்சு. நடுவுல ஒரே நாள், ஞாயித்துக்கிழமை."

மகுடேஸ்வரன் துணியைப் பார்த்தார். பிறகு நாற்காலி பின்னால் விழ எழுந்தார்.

"அருளு! பெரிய மிஷின் உன்ற கைல! நாயே, நீயாடா?" கை ஓங்கியது. "இந்தப் புள்ளயை எதுக்குடா மாட்டி விட்டே?"

"நான் இல்லீங்க!" அருள்குமார் சுவரோடு ஒட்டினான். "சத்தியமா நான் இல்லீங்க!"

வீரணன் நடுவில் போய் நின்றான். அறை அவன் தோளில் விழுந்தது. சம்பளத்தில் இதற்குத் தனிக் கணக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டான்.

"அருள்குமாருங்க, பின்னாடி ஹெட் நம்பர் எழுதியிருக்குதே, ஏன் எழுதறீங்க?" என்று கேட்டாள் அமராவதி.

"நான் எதுக்குங்க எழுதோணும்? நூல் அறுந்தா அந்த ஹெட்டுல லைட்டு எரியும். எந்தப் பீஸ் கெட்டுதுன்னு மிஷினே சொல்லிரும். இந்தக் காலத்துல யாருங்க எழுதறாங்க?"

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன். ஒரு தலையை மட்டும் ஓட்டிக்கலாம், ஸ்விட்ச் இருக்குதுன்னு நீங்க சொன்னீங்க. அது தெரியாம பன்னண்டையும் ஓட்டின ஆளு யாரு? லைட்டு எரியும்னு தெரியாம நம்பர் எழுதின ஆளு யாரு? புது மிஷின்ல உக்காந்தே பழகாத, பழைய மிஷின் ஆளு."

மயிலாள் மெல்ல வந்து துணியின் முனையைத் தூக்கினாள். பின்பக்கத்தைத் திருப்பி, அந்த 'உ'வைப் பார்த்தாள். விரலால் தொட்டும் பார்த்தாள்.

"சாமி" என்றாள். "இது நீங்க எழுதறதுங்களே."

"என்ன உளர்றே?"

"பழைய ஆறு ஹெட் மிஷினை நீங்களே ஓட்டின காலத்துல, சுழி போட்டு, அடியில நம்பர் போட்டுத்தான் பீஸை எங்கிட்ட வீசுவீங்க. எத்தனை வருசம் இந்தச் சுழி போட்ட பீஸுக்குப் பிசிறு வெட்டியிருக்கறேன். எனக்குத் தெரியாதுங்களா?" அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எம்புள்ளை பேருக்கு மேலயா சாமி சுழி போட்டீங்க?"

வீரணன் மகுடேஸ்வரனின் கால்களைப் பார்த்தான். காலையில் அந்தக் காலில்தான் அவள் விழுந்தாள். அந்த மனிதர் அவளைக் கீழே கிடக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், எல்லாம் தெரிந்துகொண்டே.

மகுடேஸ்வரன் கத்த ஆரம்பித்தார். நன்றி கெட்டவர்கள் என்றார். சோறு போட்டவன் என்றார். அமராவதி பக்கம் திரும்பி, "உன்னைய இங்க கூட்டிக்கிட்டு வந்ததே நானு!" என்றார்.

"ஆமாங்க. ஊர்லயே சின்ன போர்டா மாட்டியிருக்கறவளைத் தேடிப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தீங்க. சொன்னதை எழுதிக் குடுத்துட்டுப் போயிருவான்னு நினைச்சீங்க." அமராவதி மேஜையிலிருந்த போலீஸ் புகாரை எடுத்தாள். "அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போற கம்ப்ளைண்ட்டுல தேதி ஏனுங்க இல்லை? இது எங்கயும் போறதுக்கு எழுதினது இல்லீங்க. உங்க டிராயர்ல கெடக்கறதுக்கு எழுதினது. லெட்டர்ல கையெழுத்து வாங்கி வெச்சுக்கிட்டா, அந்தப் புள்ள எப்ப நின்னுக்கறேன்னாலும் எடுத்துக் காட்டலாம். சாகற வரைக்கும் இந்த ரூமுல உக்காந்து உங்களுக்கு எழுத்து வரைஞ்சு குடுக்கோணும். அதுக்குக் கிழிச்ச எட்டு ஜாக்கெட்டும்கூட..."

"சிவப்புச் சீட்டு" என்றாள் சித்ரகலா மெதுவாக. அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. "பையர் வேண்டாம்னு தள்ளினதுங்க. எப்படியும் குப்பைக்குப் போறது."

மகுடேஸ்வரன் விழுந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். குரல் இறங்கி, வியாபாரக் குரல் வந்தது. "சரி விடு அம்முணி. குரூப்புல நான் இன்னும் ஒண்ணும் போடலை. யாருக்கும் தெரியாது. போறதுன்னா போ. நான் தடுக்கலை."

"யாருக்கும் தெரியாதுங்களா?" சித்ரகலா கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள். "காலைல எட்டு மணிக்கு அறுபது பேர் பாத்தாங்க. அதே அறுபது பேர் முன்னால, மைக்குல சொல்லுங்க."

"என்ன திமிரு உனக்கு!"

"நானூறு பேர் குரூப்புல இந்தத் துணியும் பாக்க நல்லாத்தானுங்க இருக்கும்" என்றாள் அமராவதி மிகுந்த பணிவோடு. "வீரணா, போட்டோ எடுத்தியா?"

"சுழி தெளிவா விழுந்திருக்குக்கா."

டீ நேரம் சொல்லவும், ஓவர்டைம் பெயர் வாசிக்கவும் வைத்திருக்கும் மைக் கூடத்தின் நடுவில் இருந்தது. மகுடேஸ்வரன் அதன் முன்னால் போய் நின்றபோது மிஷின்களை நிறுத்தினார்கள். கல் செதுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. சாம்பிள் கிழிஞ்ச விஷயத்துல சித்ரகலா மேல ஒரு தப்பும் இல்லை. ஏதோ நடந்து போச்சு. அவங்கவங்க வேலையைப் பாருங்க."

அவர் திரும்பினார். சித்ரகலா வழியில் நின்றாள்.

"யாரு கிழிச்சதுங்க?"

"அதான் சொல்லிட்டனே."

"சொல்லலீங்க."

அறுபது பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதியம் வீரணனை முறைத்த அதே கண்கள். வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டைக்குள் அவருக்கு வியர்த்தது. மைக்கை விட்டுத் தள்ளி நின்றுதான் சொன்னார், ஆனாலும் அது வாங்கிக்கொண்டு கூடம் முழுக்கப் போட்டது.

"நான்தான்."

அருள்குமார் காறி, துப்பாமல் விழுங்கினான். சித்ரகலா தன் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மயிலாள் மட்டும் நின்றாள். இடுப்பில் செருகியிருந்த பிசிறுக் கத்தரியை எடுத்தாள். அதைச் சேலை முந்தியில் துடைத்து, மைக் இருந்த மேஜைமேல், அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தாள்.

"இது கம்பெனி கத்தரிங்க. எண்ணிப் பாத்துக்குங்க" என்றாள். "நாளையில இருந்து நானும் வரலை."

'சாமி' என்று அவள் சொல்லவில்லை. மகள் வண்டியை எடுக்கும்வரை காத்திராமல் கேட்டை நோக்கி நடந்தாள். வாட்ச்மேன் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் அதைத் திறந்துவிட்டான்.